பதினோரு கோடும் ஒரு பொட்டும்

எங்கள் சமையலறைக் கதவின் பின்பக்கத்தில் சாக்குக்கட்டியால் இரண்டு பத்தி போட்டு வைத்திருந்தேன். இடப்பக்கம் "நம்ம" என்று எழுதியிருந்தேன், வலப்பக்கம் "கம்பெனி" என்று. ஆகாயத்தில் பறக்கிற இரண்டு மிசின்களில் எதனுடைய எஞ்சின் எத்தனை தடவை நின்றது என்று குறித்து வைக்கத்தான் அது. ஒரு தடவை நின்றால் ஒரு கோடு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அந்தப் படிப்புக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை இதுதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். உசிர் அவருடையது என்றாலும் தாலி என்னுடையது.

அப்போது முப்பதுகளின் நடுப்பகுதி. ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், என் வீட்டுக்காரர் எஞ்சின்காரர். கொழுந்து அரைக்கிற உருளைகளை எல்லாம் ஓட்டுகிற பெரிய எண்ணெய் எஞ்சின் அவர் பொறுப்பு. எங்களுக்குக் கல்யாணமான முதல் வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்த எஞ்சினுக்கு நான்தான் சந்தனப் பொட்டு வைத்து வந்தேன். அவர் கை எந்நேரமும் எண்ணெயும் கரியுமாக இருக்கும். இந்தக் கையால் சாமி காரியம் செய்யாதீங்க என்று சொல்லிக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு வேலை நேரத்தில் அந்த எஞ்சின் ஒரு தடவை கூட நிற்கவில்லை. அவர் அதற்குத் தன் கையைக் காரணம் சொல்வார். நான் என் கையைக் காரணம் சொல்வேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் விமானத்தைக் கொண்டுவந்து நுழைத்தவர் சின்னத்துரை. தோட்டத்துக்குப் பெரிய துரை ஒருவர்; அவருக்குக் கீழே வேலை பார்த்த இளவயது வெள்ளைக்காரர் இவர். எங்கிருந்தோ ஒரு புத்தகத்தில் வந்த படத்தைப் பார்த்து, தானே ஒரு விமானம் செய்யப்போவதாகப் புறப்பட்டார். பழைய ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடி சும்மா கிடந்தது. அங்கே அவரும் என் வீட்டுக்காரரும் பலகையை இழைத்தார்கள், ஒட்டினார்கள், ஆணி அடித்தார்கள். எஞ்சினுக்கு என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஹுன்னஸ்கிரிய வளைவில் கவிழ்ந்து பள்ளத்தில் கிடந்த ஒரு மோட்டார் காரின் எஞ்சினைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பள்ளத்தில் விழுந்த எஞ்சினைக் கொண்டு ஆகாயத்தில் பறப்பதா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரோ புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு திரிந்தார்.

என்னையும் விடவில்லை. இறக்கைக்குப் போர்த்துகிற துணியை என் கைமிசினில்தான் தைத்தேன். ரெட்டைத் தையல், அரை விரல் மடிப்பு. தைத்த துணியின் மேல் என்னமோ ஒரு வார்னிஷ் பூசினார்கள். பழைய ஸ்டோர் முழுக்கப் பழுத்த வாழைப்பழ வாசனை. துணி மத்தளத் தோல் மாதிரி விறைத்து நின்றது. வாயால் எவ்வளவு வைதாலும் அந்தத் தையலைப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இறக்கையைக் கழற்றி லொறியில் ஏற்றித் திகனவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆற்றோரமாக மாடு மேய்கிற சமதரை ஒன்று இருந்தது. பக்கத்துக் கடைத்தெருவில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த நானா ஒருவர்தான் பெட்ரோல் தகரம் கொடுப்பார். எங்கள் ஊர்ப்பக்கம் முஸ்லிம் கடைக்காரர்களை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தரையில் ஞாயிறு தவறாமல் சின்னத்துரை மிசினை ஓட்டுவார், எஞ்சின் நிற்கும், வீட்டுக்கு வந்து நான் கோடு போடுவேன்.

ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். முதல் தடவை மூக்கைத் தூக்கியதும் நின்றது. பெட்ரோல் தொட்டி தாழ்வாக இருந்ததால் எண்ணெய் மேலே ஏறவில்லை. தொட்டியைக் கழற்றி இறக்கைக்கு மேலே கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டாவது தடவை குழாய்க்குள் ஈயப் பற்று உதிர்ந்து அடைத்துக்கொண்டது. அப்புறம் ஒரு நாள் பனி ஈரத்தில் கம்பி நனைந்து நெருப்புப் பிடிக்கவில்லை. இப்படியே பதினொன்று. பாதி தடவை மிசின் தரையை விட்டே எழும்பவில்லை. மிச்சம் பாதி ஆள் உயரம், தென்னை உயரம் போய் இறங்கியதுதான். சின்னத்துரைக்கு ஒரு கீறல் கூட விழவில்லை. ஆனாலும் கோடு கோடுதானே.

கம்பெனி என்று நான் எழுதியது இன்னொரு மிசின். சின்னத்துரையின் சிநேகிதர் ஒருவர் கொழும்பில் இருந்தார். அவரிடம் சீமையில் பெரிய கம்பெனியில் செய்த, நம்மது மாதிரியே ரெண்டு பேர் உட்காருகிற விமானம் இருந்தது. மூன்று நான்கு தடவை அதில் திகனவுக்குப் பறந்து வந்தார். வரும், வட்டம் போடும், பூனை மாதிரி இறங்கும். அந்தப் பத்தியில் ஒரு கோடு கூட இல்லை.

பட்ட பாட்டுக்குப் பதிலாக என் வீட்டுக்காரரை ஒரு தடவை ஆகாயத்தில் கூட்டிப்போவதாகச் சின்னத்துரை வாக்குக் கொடுத்திருந்தார். எந்த மிசினில் ஏறுவது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். அங்கேதான் எங்கள் வீட்டில் சண்டை.

"ஏங்க, பதினோரு தடவை நின்னதுல ஏறுவீங்களா, ஒருக்காலும் நிக்காததுல ஏறுவீங்களா?"

"நின்னது ஒவ்வொண்ணும் எதுக்குன்னு எனக்குத் தெரியும் புள்ள. பதினொண்ணுல எஞ்சின் மேல குத்தம் ரெண்டே ரெண்டுதான். மிச்சமெல்லாம் நாங்க வச்ச குழாய், நாங்க வச்ச தொட்டி. அத்தனையும் சரி பண்ணியாச்சு. கம்பெனி மிசின் ஏன் நிக்கலன்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்?"

"நிக்காததுக்கு எதுக்குங்க காரணம்?"

அவரிடம் ஒரு குணம். சண்டையில் கூடப் பொய் சொல்ல மாட்டார். கதவிலிருந்த கோடுகளைப் பார்த்தார். "ஆனா உண்மையச் சொல்லணும். நம்மது மொத்தமா ஒரு பகல் நேரம் கூட ஓடல, அதுக்குள்ள பதினொண்ணு. அது நூத்துக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்கு, ஒண்ணுமில்ல. அதே மாதிரி எஞ்சின் சீமையில எத்தனையோ ஓடுது. ஒண்ணுல கோளாறு வந்தா மத்த எல்லாருக்கும் கடுதாசி போயிருமாம், சின்ன தொர சொன்னாரு. நமக்கு யாரு கடுதாசி போடுவா? அந்தக் கணக்குல நீ சொல்றதுதான் சரி."

"அப்ப கம்பெனி மிசின்ல போங்க. இல்லன்னா நான் வத்தேகமவுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

நான் ஒற்றைக்காலில் நின்றதால் அவர் ஒத்துக்கொண்டார். முகம் மட்டும் சுருங்கிப்போனது. தன் கையால் செய்த மிசினை விட்டு ஊரான் மிசினில் முதல் தடவை ஏறுவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே திகனவுக்குப் போய்விட்டோம். கொழும்புத் துரை முந்தின நாளே வந்து சின்னத்துரை பங்களாவில் தங்கியிருந்தார். அவர்கள் வருவதற்குள் கம்பெனி விமானத்துக்கு எண்ணெய் நிரப்பி வைக்கிற வேலை இவருக்கு. ஏணி வைத்து ஏறி, மேல் இறக்கையின் நடுவில் இருக்கிற தொட்டிக்குள் புனலை வைத்து, புனலில் மெல்லிய தோலை விரித்து, சொட்டுச் சொட்டாக வடிகட்டி ஊற்றினார். தோல் தண்ணீரை விடாது, பெட்ரோலை மட்டும் விடும். அதையே ரெண்டு தரம் செய்வார். நிரப்பிவிட்டுக் கை கழுவ ஆற்றுக்குப் போனார்.

நான் மடியில் முடிந்து வைத்திருந்த சந்தனத்தை எடுத்துக் குழைத்தேன். நம் வீட்டு எஞ்சினுக்கே வாராவாரம் வைக்கிறேன், என் புருஷனைச் சுமக்கப்போகிற எஞ்சினுக்கு வைக்காமல் விடுவேனா? மூக்கில் ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று, சுழல்கிற பலகைக்கு ரெண்டு. ஏணி அப்படியே இருந்தது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினேன். தொட்டியின் மூடி பித்தளையில் பளபளவென்று இருந்தது. அதன் நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு சின்னத் துவாரம். பொட்டு வைக்க இடம் விட்டே செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல கெட்டியாக, மிளகு அளவுக்கு, அந்தத் துவாரத்திலேயே அழுத்தி வைத்தேன். அவர் கரையேறி வருவதற்குள் இறங்கிவிட்டேன். நம்ம மிசின் பக்கத்திலேயே நின்றது. அதற்கு மட்டும் வைக்கவில்லை. எனக்கு அதன் மேல் அவ்வளவு கோபம்.

வெயில் ஏறியது. துரைமார் வந்தார்கள். கடைத்தெருவே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் கண்ணாடி, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு முன்னால் உட்காருகிற குழியில் உட்கார்ந்தார்; ஓட்டுகிற கொழும்புத் துரை பின்குழியில் ஏறினார். மிசின் ஓடியது, எழும்பியது, தென்னையைத் தாண்டியது. அவர் கையை ஆட்டியதைப் பார்த்து நானும் ஆட்டினேன். எனக்கே சிரிப்பு வந்தது. நானா என்னைப் பார்த்து, "இனி பயமென்ன தங்கச்சி, கம்பெனிட சாமான். சும்மா ஈங்க" என்றார். இருங்க என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

ரெண்டு வட்டம் முடிந்து மூன்றாவது வட்டத்தில், ஆற்றுக்கு அந்தப்பக்கம், சத்தம் இருமியது. பிறகு சத்தமே இல்லை. காற்றில் வெறும் மிசின் மட்டும் சாய்ந்து சாய்ந்து கித்துல் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

நான் எப்படி ஓடினேன், எங்கே ஆற்றில் இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒரு செருப்பு அன்றைக்குப் போனதுதான். அக்கரையில் அறுவடை முடிந்த வயல். விமானம் வரப்புக்கு இந்தப்பக்கம் முழுசாக நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் இறக்கைப் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். அவரைத் தொட்டுப் பார்த்தேன். பல் முழுக்கச் சிரிப்பு. "எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா புள்ள" என்றார். நான் எல்லார் முன்னாலும் அழுதேன்.

கொழும்புத் துரை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் மிசின் இதுவரை நின்றதே இல்லை, இன்றைக்குப் புதிதாக நடந்தது இந்த எஞ்சின்காரன் எண்ணெய் ஊற்றியது ஒன்றுதான், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றாராம். சின்னத்துரை எங்கள் தமிழில் கேட்டார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் பேசிப் பழகிய தமிழ், மரியாதை எல்லாம் அதில் கிடையாது.

"பெட்ரோல்லே தண்ணி போட்டதா நீ?"

"ஆமாங்க தொர. என் கவனக்குறைவுதான்."

சின்னத்துரையின் முகம் வாடிவிட்டது. "இதை நான் பெரிய தொரைக்குச் சொல்லணும். நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆபீஸ் வா. ஸ்டோர் சாவி கொண்டு வா" என்றார். எஞ்சின் அறைச் சாவியைக் கேட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். வேலை போனால் வீடும் போகும்.

லொறியின் பின்னால் உட்கார்ந்து மலையேறினோம். அவர் மகாவலி வளைந்து போனதைச் சொன்னார், வயல்களைச் சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை. ரெண்டு தரம் தோலில் வடிகட்டிய எண்ணெயில் தண்ணீர் எங்கிருந்து வரும்? அவர் கையைப் பிடித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். பெட்ரோல் வாசத்தோடு சந்தன வாசம். நகக்கண்ணில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

மழுப்பிப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னார். "அந்த மூடியில உள்ள துவாரம் காத்துப் போறதுக்கு புள்ள. எண்ணெய் குறையக் குறைய அந்த வழியா காத்து உள்ள வரணும். வராட்டி எண்ணெய் இறங்காது. சந்தனம் வெயில்ல காஞ்சு கல்லா இறுகிருச்சு. மூடியத் திருகினேன், உஸ்ஸுன்னு காத்தை இழுத்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு. அவங்க பார்க்குறதுக்குள்ள சுரண்டிட்டேன்."

"தெரிஞ்சுமா பழிய உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"நீ எனக்காக வச்சது. அதப்போய் தொரமார் முன்னால சொல்லி உன்னைப் பார்த்து அவங்க சிரிக்க விடுவேனா? வேற தோட்டத்துல எஞ்சின் இல்லாமலா போச்சு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேலா, என் மேலா, அந்தத் துவாரத்தின் மேலா, தெரியவில்லை. லொறி நின்றதும் வீட்டுக்குப் போகவில்லை. ஈரச் சேலையோடு, ஒற்றைச் செருப்பையும் எறிந்துவிட்டு, நேரே சின்னத்துரை பங்களாவுக்கு நடந்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார். துரைமார் ரெண்டு பேரும் வராந்தாவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்தனப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன்.

"எண்ணெயில தண்ணி இல்லைங்க தொர. மூடி ஓட்டையில நான் வச்ச பொட்டுதான் எஞ்சினை நிறுத்துச்சு. சாவி கேக்குறதுன்னா என்கிட்ட கேளுங்க."

சின்னத்துரை அதை இங்கிலீசில் சொன்னார். கொழும்புத் துரை சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். புருஷனைக் காப்பாற்றப் பெண்சாதி கதை கட்டுகிறாள் என்று சொன்னாராம். எனக்குச் சுருக்கென்றது.

"அப்ப நாளைக்குக் காலையில திரும்ப வைக்கிறேன். தரையில நிறுத்தியே ஓட்டிப் பாருங்க. நிக்காட்டி சாவியக் குடுத்துட்டுப் போறோம்."

மறுநாள் காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் திகனத் தரையில் அத்தனை பேரும் நின்றோம். விமானத்தை முந்தின நாளே எண்ணெய் மாற்றி அக்கரையிலிருந்து கொழும்புத் துரை ஓட்டி வந்திருந்தார். சக்கரத்துக்குக் கல் முட்டு வைத்தார்கள். வாலைக் கயிற்றால் கட்டினார்கள். அதே தகரங்களில் மிஞ்சியிருந்த அதே பெட்ரோலை ஊற்றினார்கள். நான் எல்லார் கண் முன்னாலும் ஏணியில் ஏறி, அதே இடத்தில் அதே அளவு சந்தனத்தை அழுத்தி வைத்தேன். காயட்டும் என்று காத்திருந்துவிட்டு எஞ்சினைச் சுழற்றினார்கள்.

ஓடியது. நன்றாக ஓடியது. வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் ஆயிற்று, அப்போதும் ஓடியது. எத்தனையோ வெள்ளிக்கிழமை எஞ்சின் நிற்கக் கூடாது என்று கும்பிட்டவள் நான். இப்போது நிற்க வேண்டும் என்று எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது? என் வீட்டுக்காரர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கொழும்புத் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னத்துரை பெருமூச்சு விட்டு என்னமோ சொல்ல வாயெடுத்தார்.

எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றது.

கொழும்புத் துரை தானே ஏணியில் ஏறி மூடியைத் திருகினார். உஸ்ஸென்று அது காற்றை இழுத்தது கீழே நின்ற எங்களுக்கே கேட்டது. நானாதான் முதலில் வாயைத் திறந்தார். "அல்லாவே, எனக்கிட்ட வாங்கின எண்ணெய் சுத்தமாத்தான் ஈந்திருக்கி" என்றார். அப்புறம் கொழும்புத் துரை சிரிக்க ஆரம்பித்தவர் ஏணியிலிருந்து இறங்கியும் நிறுத்தவில்லை. இறங்கி வந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"வீட்டுல உள்ளவள விட்டுக் குடுக்க முடியுங்களா?" என்றார் இவர்.

சின்னத்துரை அதை மாற்றிச் சொல்லக் கொஞ்சம் தடுமாறினார். சொல்லி முடித்ததும் கொழும்புத் துரை எனக்குத் தொப்பியைக் கழற்றினார். உன்னையும் ஒரு வட்டம் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டார்கள். எனக்கு அடுப்பில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு யாரும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாக்குக்கட்டியை எடுத்தேன். கம்பெனி பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும் அல்லவா? அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவங்க மேல ஏன் பழி, அவங்க செஞ்சதுல குத்தமில்லையே என்றார். சரி, நம்ம பக்கம் போடலாமா என்றால் அதற்கும் விடவில்லை. அந்த மிசின் பாவம், அது என்ன செஞ்சது என்றார். நான் மூன்றாவதாக ஒரு பத்தி இழுத்து, கோடு போடாமல், சந்தனத்தால் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கு மேலே ஒரு பெயரும் எழுதவில்லை. கதவைப் பார்க்கும்போதெல்லாம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. ஒரு தடவையும் நிற்காதது என்று நான் நம்பிய மிசினை நானே நிறுத்தியிருக்கிறேன். அது எதனால் நின்றது என்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தவர், பதினோரு தடவை நம்ம மிசினுக்குக் காரணம் கண்டுபிடித்த அதே ஆள். அவரைக் கொண்டுபோய் ஊரான் மிசினில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் சந்தனம் அரைத்து முடித்ததும், நம்ம மிசினுடைய தொட்டி மூடியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அவரே செய்த மூடி. சுத்தியல் பட்ட தழும்பெல்லாம் இருந்தது.

"எதுக்கு புள்ள?"

"ஞாயித்துக்கிழமை நம்ம மிசின்லயே போங்க."

அவர் நம்பவில்லை. "பதினோரு தடவை நின்னதே?"

"நின்னது ஏன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? குடுங்க இங்க."

ஓரமாக, துவாரத்தை விட்டு நல்லாத் தள்ளி, பொட்டு வைத்தேன். அப்புறம் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவித் துவாரத்துக்குள் விட்டுக் குடைந்தேன். மூடியை வாயில் வைத்து ஊதினேன். அவர் மறுபக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"காத்து வருதாங்க?"

"வருது" என்றார்.